சேலத்தில் எழுத்து, பிழைதிருத்தத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே தமிழில் எழுதியும் திருத்தியும் பிழைக்க நினைப்பவர்கள் சேலத்தில் நிறைய இருக்கிறார்கள். கணினியில் பக்கம் கட்டித் தரும் டிடிபி கடையிலும் கல்லூரித் தமிழ்த்துறை வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குகளில் வரும் கட்டணங்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். வரி வரம்புகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

1. பிழை திருத்தறதுன்னா ஒற்று, ர-ற பாக்கறதுதானுங்களே? அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?

இந்தத் தொழிலில் வரும் தகராறில் முக்கால்வாசி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. ‘பிழை திருத்தம்’ என்று கேட்டு வருபவர் மனத்தில் நான்கு வேலைகளில் ஏதோ ஒன்று இருக்கும்: மெய்ப்பு (ப்ரூஃப்) பார்த்தல், மொழி திருத்தம், எடிட்டிங், திருப்பி எழுதுதல். எது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நீங்களும் கேட்காமல் விட்டால் அவர் நான்காவதை எதிர்பார்த்திருப்பார், நீங்கள் முதலாவதற்குக் காசு வாங்கியிருப்பீர்கள்.

ஒரு கொலுசுப் பட்டறையின் விளம்பரத் தாளில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘எங்கள் நிறுவனமானது 25 ஆண்டுகளுக்கு மேலாக தரமான முறையில் சேவைகளை செய்து கொண்டு வருகின்றோம்.’ மெய்ப்பு பார்ப்பவர் ‘மேலாகத் தரமான’, ‘சேவைகளைச் செய்து’ என்று இரண்டு ஒற்றுப் போட்டுவிட்டு நகர்வார். மொழி திருத்துபவர் ‘நிறுவனமானது’ என்று தொடங்கி ‘வருகின்றோம்’ என்று முடிவதைப் பிடிப்பார். எடிட்டர் ‘என்ன சேவை? எந்த ஆண்டிலிருந்து 25?’ என்று ஓரத்தில் கேள்வி எழுதுவார். திருப்பி எழுதுபவர் பட்டறைக்காரரிடம் பதில் வாங்கி ‘1999 முதல் வெள்ளிக் கொலுசு செய்து தருகிறோம்’ என்று முடிப்பார்.

ஒரே வரிதான். வேலை நான்கு, நேரம் நான்கு, கட்டணமும் நான்கு. பேச்சின் தொடக்கத்திலேயே வந்த பிரதியிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, இப்படிப் படிப்படியாகச் செய்து காட்டி ‘இதில் எது வேண்டும்?’ என்று கேளுங்கள். விலைப்பட்டியல் காட்டுவதைவிட இது நன்றாக எடுபடும்.

2. சென்னைன்னா பதிப்பகம் இருக்கு, பத்திரிகை இருக்கு. சேலத்துல யாருங்க காசு கொடுத்து எழுத வைப்பாங்க?

பதிப்பகத்தை மட்டும் நம்பினால் சேலம் வறண்ட ஊர்தான். ஆனால் இங்கே பொருள் செய்கிறவர்கள் அதிகம். செவ்வாய்ப்பேட்டை சுற்றுவட்டாரக் கொலுசு வியாபாரிகள், சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகள், நெசவுக்காரர்கள், மாம்பழ மண்டிகள், தனியார் மருத்துவமனைகள், ஏற்காட்டில் தங்கும் விடுதிகளும் காபித் தோட்டங்களும் என்று எல்லோருக்கும் கேட்லாக், லேபிள், இணையப் பக்கம், துண்டறிக்கை வேண்டும். இவை போகக் கல்லூரி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஓய்வுபெற்றவர்கள் குடும்பத்துக்காக அச்சிடும் வாழ்க்கை வரலாறு ஆகியவை உண்டு. கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்தால் அதுவே ஆறு மாத வேலை.

ஒவ்வொரு தொழிலின் சொல்லையும் கற்றுக்கொண்டு போக வேண்டும். மரவள்ளிக்கிழங்கை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். விவசாயிக்கான துண்டறிக்கையில் ‘குச்சிக்கிழங்கு’ என்றும், வெளியூர்க் கடைக்குப் போகும் பாக்கெட்டில் ‘மரவள்ளிக்கிழங்கு’ என்றும் போட வேண்டும். வெள்ளியில் ‘80 டச்’ என்றால் நூற்றில் 80 பங்கு வெள்ளி. அதைத் தெரிந்துகொண்டே ‘சுத்த வெள்ளி’ என்று எழுதிக் கொடுத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிவிடும். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்தான் அந்த அடையாளத்தைப் பாக்கெட்டில் போட முடியும். ஆலைக்காரரிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் டிடிபி கடை வழியாகத்தான் வருவார். வடிவமைப்புக்கு வருகிறவர்களின் பிரதியில் பிழை மலிந்திருப்பது கடைக்காரருக்குத் தெரியும், திருத்த அவருக்கு நேரம் இல்லை. மூன்று கடைகளில் ஒரு பக்கத்தை இலவசமாகத் திருத்திக் காட்டுங்கள். இலவசம் ஒரு பக்கத்தோடு நிற்கட்டும்.

3. வார்த்தைக்கு இவ்வளவுன்னு சொல்றதா, பக்கத்துக்கு இவ்வளவுன்னு சொல்றதா?

தமிழில் வார்த்தைக் கணக்கு நம்பகமான அளவுகோல் அல்ல. ‘அனுப்பிக்கொண்டிருக்கிறோம்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். ‘அனுப்பிக் கொண்டு இருக்கிறோம்’ என்று பிரித்தால் மூன்று. வேலை ஒன்றுதான். ஒழுங்காகச் சேர்த்து எழுதுகிறவருக்குக் காசு குறையும், கண்டபடி பிரிப்பவருக்குக் கூடும். திருத்தம் செய்யும்போது நீங்களே சொற்களைச் சேர்த்துவிடுவீர்கள், முடிவில் எண்ணினால் உங்கள் கூலி உங்கள் கையாலேயே குறைந்திருக்கும்.

மொழிபெயர்ப்புக்கு எப்போதும் மூலமொழியின் சொற்கணக்கைப் பிடியுங்கள். ஆங்கிலத்தில் 1,000 சொல் இருந்தால் தமிழில் அதைவிடக் குறைவாகவே வரும். ‘இன்’, ‘ஃப்ரம்’ போன்றவையெல்லாம் தமிழில் வேற்றுமை உருபாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. தமிழ்ச் சொல்லை எண்ணி பில் போட்டால் நட்டம் உங்களுக்கு.

புத்தகத்துக்குப் பக்கக் கணக்கு நல்லது. ஆனால் எந்தப் பக்கம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். டெம்மி அளவில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், 11 புள்ளி எழுத்தில் கட்டிய பக்கம் வேறு, ஏ4 தாளில் நெருக்கி அடித்த பக்கம் வேறு. ஒரு ஏ4 பக்கத்தில் இரண்டு டெம்மி பக்கத்துச் சரக்கு இருக்கலாம். அச்சகத்தார் 16 பக்கம் கொண்ட ஃபாரக் கணக்கில் பேசுவார்கள். அவர்களோடு வேலை என்றால் நீங்களும் ஃபாரத்துக்கு இவ்வளவு என்றே சொல்லலாம். லேபிள், துண்டறிக்கை, கேட்லாக் ஆகியவற்றுக்குப் பக்கக் கணக்கும் உதவாது. 40 சொல் கொண்ட ஒரு ஜவ்வரிசிப் பாக்கெட்டுக்கு அரைநாள் போகும். அங்கே மொத்தமாக ஒரு தொகை சொல்வதே சரி.

4. பக்கத்துக்கு 25 ரூவா தர்றேங்கறாங்க. கட்டுமா கட்டாதான்னு எப்படிப் பாக்கறது?

மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். 160 பக்க டெம்மிப் புத்தகம், 10 ஃபாரம். சுமாரான பிரதியில் முதல் மெய்ப்பு மணிக்கு 8 பக்கம் ஓடும் என்றால் 20 மணி நேரம். திருத்தங்கள் ஏறிவிட்டனவா என்று இரண்டாம் மெய்ப்பில் ஒத்துப்பார்க்க 6 மணி நேரம். தொலைபேசி, சந்தேகப் பட்டியல், கோப்பு அனுப்புவது, பணம் கேட்பது என்று 4 மணி நேரம். ஆக 30 மணி நேரம். பக்கத்துக்கு 25 ரூபாய் என்றால் 4,000 ரூபாய், மணிக்கு 133. உங்களுக்கு மணிக்கு 250 ரூபாயாவது வேண்டும் என்றால் 7,500 ஆகிறது, அதாவது பக்கத்துக்கு 47 ரூபாய். இந்தக் கணக்குக் கையில் இருந்தால் பேரம் பேசும்போது தடுமாற மாட்டீர்கள்.

மெய்ப்பில் கவனம் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் பார்த்த பக்கங்களில்தான் பிழை தங்கும். மாதம் 25 நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 125 மணி நேரம்தான் உங்களிடம் விற்பதற்கு இருக்கிறது. அதில் எல்லாம் விற்கும் மாதமும் வராது.

5. டிடிபிக்காரர் குடுத்த ஃபைலை என் லேப்டாப்புல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா குப்பையா வருதுங்க. என்ன பண்றது?

அந்தக் கோப்பு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்றவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. அந்த எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் அடியில் இருப்பது அப்படியே தெரியும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளில் கட்டும் அச்சகங்கள் இன்னும் இருப்பதால் இது அடிக்கடி வரும். எழுத்துருவின் பெயரைக் கேட்டு வாங்கி, எழுத்துரு மாற்றி (கன்வர்ட்டர்) மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் வருவதுதான் உண்மையான வேலை. ‘மௌனம்’ என்பதில் வருவது ஔகாரக் குறி. பல கோப்புகளில் அது கொம்பும் தனி ‘ள’வுமாக, ‘மெளனம்’ என்று இருக்கும். திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. ‘ஔவையார்’, ‘ஒளவையார்’ என்பதும் இதே கதை. அவசரப்பட்டு மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்தினால் ‘வெளி’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் உடைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதேபோல ஸ்கேன் செய்து எடுத்த பிரதியில் துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறியிருக்கும்.

தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகை முறையைப் பழகுங்கள். ஒரு மாதம் கை தடுமாறும், பிறகு வேகம் கூடும். புத்தகத்தை இன்டிசைன் என்ற பக்கவடிவமைப்பு மென்பொருளில் கட்டுகிறவரிடம், அதில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடாவிட்டால் ‘கெ’, ‘கொ’வில் கொம்பு இடம் மாறி நிற்கும். அது உங்கள் பிழையில்லை என்பதை அவருக்கு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

6. படிச்சுக்கிட்டே போனா தப்பு கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. எப்படித்தான் பாக்கறாங்க?

ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்ப்பதால்தான் தவறுகிறது. மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்று பொருளுக்கு: பெயர், தேதி, எண், முன்னுக்குப் பின் முரண். இரண்டாவது மொழிக்கு: எழுவாய்-பயனிலை, ஒற்று, சொல். மூன்றாவது பக்கத்துக்கு: தலைப்பு, பக்க எண், பட்டியல், படத்தின் கீழுள்ள வரி. மெய்ப்பில் கூடுதலாக ஒன்று உண்டு. வரி உடையும் இடத்தில் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும், ‘புத்தகத்தை / ப் படித்தான்’ என்பதுபோல. கணினி அதைத் தவறென்று காட்டாது.

முதல் நாளே ஒரு நடைத்தாள் தொடங்குங்கள். ஒரு ஏ4 பக்கம் போதும். ‘வாழ்த்துகள்’ என்றா ‘வாழ்த்துக்கள்’ என்றா, ‘கறுப்பு’ என்றா ‘கருப்பு’ என்றா, ‘ஜவ்வரிசி’ என்றா ‘சவ்வரிசி’ என்றா, ‘ஓர்’ எங்கே, எண்களை எழுத்தாலா இலக்கத்தாலா என்று முடிவு செய்த ஒவ்வொன்றையும் குறித்துவைத்து வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். இரு பக்கமும் வாதம் உள்ள சொற்களில் உங்கள் விருப்பத்தைவிட, புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதே முக்கியம்.

கோயில் மலர் என்றால் நன்கொடையாளர் பட்டியலுக்குத் தனிச் சுற்று ஒதுக்குங்கள். தல வரலாற்றில் ஒற்று விட்டுப்போனால் யாரும் வரமாட்டார்கள், தலைப்பெழுத்து ‘சு.’ என்பது ‘சி.’ ஆனால் அன்று மாலையே ஆள் வருவார். தட்டச்சான பட்டியலை வைத்துச் சரிபார்க்காமல் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் கேட்டு வாங்கி, ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடியுங்கள்.

7. எல்லாரும் தெரிஞ்சவங்களா இருக்காங்க. அட்வான்ஸ் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?

தெரிந்தவரிடம்தான் முன்பணம் அவசியம். தெரியாதவர் என்றால் வேலையை நிறுத்திவிடலாம், மாமனார் ஊர்க்காரரிடம் நிறுத்த முடியாது. ‘50 சதவீதம் வந்ததும் தேதி போட்டுக்கொள்கிறேன்’ என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். உங்களை நம்பவில்லை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பெரிய வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்: தொடக்கத்தில் 40, முதல் பிரதி கொடுக்கும்போது 40, முடிவில் 20. கடைசித் தவணை சிறியதாக இருக்கும்படி அமைத்தால், வராமல் போனாலும் தாங்கும்.

பேசியதை அன்றே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். வேலை நான்கில் எது, எத்தனை பக்கம், எத்தனை சுற்று, எந்தத் தேதியில் முடிப்பது, எவ்வளவு தொகை, பணம் எப்போது தருவது என்ற ஆறும் இருந்தால் போதும். மின்னணு வழியில் ஏற்படும் ஒப்பந்தம் செல்லும் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

8. முடிச்சுக் குடுத்தப்புறம் நாலு தடவை, அஞ்சு தடவை மாத்தச் சொல்றாங்க. எங்க நிறுத்தறது?

ஏழாம் கேள்வியில் சொன்ன ஆறில் ‘எத்தனை சுற்று’ என்பது இதற்காகத்தான். இரண்டு சுற்று நியாயமானது. ஆனால் சுற்று என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள்: எல்லாத் திருத்தங்களையும் ஒருவர் தொகுத்து ஒரே தடவையில் அனுப்புவது ஒரு சுற்று. கல்லூரி மலரில் முதல்வர் ஒன்று சொல்வார், துறைத் தலைவர் ஒன்று சொல்வார், தாளாளர் வேறொன்று சொல்வார். மூவரும் தனித்தனியே அனுப்பினால் முடிவே இராது. தொகுத்துத் தரும் ஓர் ஆளை அவர்களே நியமிக்கச் செய்யுங்கள்.

உங்கள் பிழையைத் திருத்துவது சுற்றில் சேராது, எப்போதும் இலவசம். புதிதாக ஒரு பத்தி சேர்த்தால், விலையை மாற்றினால், ‘இன்னும் கொஞ்சம் கவிதையா’ என்றால் அது புது வேலை.

9. அச்சாகி வந்தப்புறம் போன் நம்பர் தப்புன்னு தெரிஞ்சுது. 5,000 காப்பி. நான் காசு கட்டணுமா?

அச்சுக்கு முன் ‘இந்தக் கோப்பை அச்சுக்கு அனுப்பலாம்’ என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கியிருந்தால் கடைசிப் பொறுப்பு அவருடையது. வாங்காமல் விட்டால் பேச்சு நீளும். ‘என் பொறுப்பு வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது’ என்ற ஒரு வரியைத் தொடக்கச் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.

அதற்காகப் பார்க்காமல் விடலாம் என்றில்லை. தொலைபேசி எண்ணைப் படித்துப் பார்ப்பது போதாது, அழைத்துப் பாருங்கள். கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று காலண்டரில் பாருங்கள். கியூஆர் குறியைத் தாளில் அச்செடுத்து ஸ்கேன் செய்யுங்கள். உணவுப் பாக்கெட் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம்-ஆண்டு, புகார் தெரிவிக்க வேண்டிய முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ஏற்காடு விடுதியின் வழிக்குறிப்பு என்றால் அடிவாரம் வழியா குப்பனூர் வழியா என்று கேளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் அடிவாரப் பாதையில் இருப்பவை. குப்பனூர் வழியைச் சொல்லிவிட்டு அவற்றை எண்ணச் சொன்னால் விருந்தாளி குழம்பிப்போவார்.

10. ஜிஎஸ்டி எடுக்கணுமா? ஒரு கம்பெனியில 10 பர்சென்ட் பிடிச்சுட்டுக் குடுத்தாங்க, அந்தக் காசு போச்சா?

சேவைத் தொழிலில் நிதியாண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரவு தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கோ மும்பைக்கோ வேலை செய்தாலும் சேவைக்கு இதே வரம்புதான். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வசூலிப்பது குற்றம். பில்லில் உங்கள் பெயர், முகவரி, பான் எண், பில் எண், தேதி, வேலையின் பெயர், அளவு, தொகை, வங்கி விவரம் இருக்கட்டும்.

பிடித்த 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. போன காசு இல்லை. ஒரே நிறுவனம் தொழில்முறைக் கட்டணமாக ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தரும்போது பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டிவிடும். வருமான வரித் தளத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கட்ட வேண்டிய வரியில் கழியும், மிச்சம் திரும்ப வரும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய திட்டத்தில் சேரலாம் என்று பலர் சொல்வார்கள். அது குறிப்பிட்ட தொழில்களுக்கு உரியது. எழுத்தாளர், எடிட்டர் என்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் நேராக இல்லை. ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சேருங்கள்.

11. வேலை முடிச்சு மூணு மாசமாச்சு. ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ங்கறாங்க. வேற வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேலை தொடங்கும் முன்பே தயாராக வேண்டும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் இல்லை. யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். பதிவை வேலைக்குப் பிறகு எடுத்தால் பழைய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

அதைவிட ஒரு நல்ல பிடி உண்டு. இந்தக் கெடு தாண்டிய பாக்கியை நிறுவனம் அந்த ஆண்டுச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது, கொடுக்கிற ஆண்டில்தான் காட்டலாம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த விதி எல்லா ஆடிட்டருக்கும் தெரியும். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு, மார்ச் முதல் வாரத்தில் கணக்குப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். முதலாளியிடம் பத்துத் தடவை கேட்பதைவிட இது வேகமாக வேலை செய்யும். அதற்கும் வரவில்லையென்றால் குறு, சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசு இணையத் தளத்தில் புகார் பதியலாம். வழக்குத் தொடர வேண்டி வந்தால் மூன்று ஆண்டுக் கெடு உண்டு.

12. பிஎச்டி பண்றவங்க ‘தீசிஸை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, கேட்டதைத் தர்றோம்’ங்கறாங்க. செய்யலாமா?

கூடாது. ஆய்வேட்டில் மொழி திருத்தம்வரைதான் நம் எல்லை: ஒற்று, தொடர், மேற்கோள் வடிவம், துணைநூற்பட்டியலின் ஒழுங்கு. கருத்தும் வாதமும் ஆய்வாளருடையவை. ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தி, மாற்றிய ஒவ்வொன்றும் தெரியும்படி கொடுங்கள். நெறியாளருக்குத் தெரிந்தே இது நடக்கிறது என்று ஆய்வாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

‘பர்சென்டேஜ் குறைச்சுக் குடுங்க’ என்று வருவதும் அதே வகைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதம்வரை நடவடிக்கை இல்லை. 10 முதல் 40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும், 40 முதல் 60 என்றால் ஓராண்டுத் தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருளை ஏமாற்றச் சொல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தால் திருட்டு அப்படியேதான் இருக்கும், அதில் உங்கள் கையும் இருக்கும். மேற்கோள் குறி இல்லாத இடங்களைச் சுட்டிக்காட்டி ஆய்வாளரையே சரிசெய்யச் சொல்லுங்கள்.

13. ‘சாட்ஜிபிடியில எழுதிட்டோம், சும்மா ஒரு தடவை பாத்துக் குடுங்க’ன்னு சொல்றாங்க. அதுக்கு என்ன ரேட்டு?

‘சும்மா பார்ப்பது’ என்ற வேலை முதல் கேள்வியில் சொன்ன நான்கில் இல்லை. இயந்திரப் பிரதியில் ஒற்றுப்பிழை குறைவாகத்தான் இருக்கும், அதனால் பார்க்க மெய்ப்பு வேலைபோல் தெரியும். உள்ளே தமிழ்ச் சொல் போட்ட ஆங்கில வாக்கியம் இருக்கும். ஊர், ஆண்டு, விருது, மருத்துவப் பலன் எல்லாம் நம்பும்படி எழுதியிருக்கும், பாதி சரியாக இராது. ஒவ்வொரு தகவலையும் வாடிக்கையாளரிடம் கேட்டுச் சரிபார்த்து, தொடர்களைத் தமிழாக்க வேண்டும். அது எடிட்டிங்கும் திருப்பி எழுதுதலும் கலந்த வேலை. முதல் ஒரு பக்கத்தை நேரம் வைத்துச் செய்து பார்த்துவிட்டுத் தொகை சொல்லுங்கள். பல சமயம் ‘இதை விட்டுவிட்டு நாற்பது நிமிடம் பேசுங்கள், புதிதாக எழுதித் தருகிறேன்’ என்பது இரண்டு பேருக்கும் மலிவு.

வாடிக்கையாளரின் கையெழுத்துப் பிரதியை அவருக்குத் தெரியாமல் எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள்.

14. நான் எழுதினதை அவங்க பேர்ல போட்டுக்கறாங்க. உரிமை யாருக்குங்க?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி சம்பள வேலையில் எழுதினால் உரிமை முதலாளிக்கு. தனியாக ஒப்பந்தத்துக்கு எழுதினால் முதல் உரிமை எழுதியவருக்கு. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறொருவர் பெயரில் வரும் வாழ்க்கை வரலாறு என்றால் முழுத் தொகை வந்தபின்தான் உரிமை மாறும் என்று எழுதிக்கொள்ளுங்கள், கட்டணத்தையும் கூட்டிச் சொல்லுங்கள். திருத்தம் மட்டும் செய்த நூலில் உங்களுக்குப் பதிப்புரிமை வராது, நன்றியுரையில் பெயர் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பில் வேலை தொடங்கும் முன் மூல ஆசிரியரின் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். எழுதியவர் காலமாகி 60 ஆண்டு முடியும்வரை அந்த அனுமதி வேண்டும்.

15. கனடாவுல இருக்கற இலங்கைத் தமிழர் ஒருத்தர் நாவல் அனுப்பியிருக்காரு. எல்லாமே தப்பா இருக்கற மாதிரி தெரியுது. எப்படித் திருத்தறது?

கை வைப்பதற்கு முன் 20 பக்கம் வெறுமனே படியுங்கள். ‘ரொறன்ரோ’ தவறில்லை, அவர்கள் டொராண்டோவை அப்படித்தான் எழுதுவார்கள். ‘பாடசாலை’, ‘கதைத்தான்’, ‘வடிவான’ எல்லாம் அவர்கள் வீட்டுத் தமிழ். சேலத்துத் தமிழுக்கு மாற்றினால் நாவல் செத்துப்போகும். நடைத்தாளில் அவர் ஒலிபெயர்ப்பு முறையைத் தனிப் பகுதியாக எழுதி, அவரிடம் ஒப்புதல் வாங்கி, அதில் அவரே தவறிய இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கி நோக்கக் குறியீடு கேட்கும். சேவைக்கான கட்டணம் என்று உண்மையைச் சொல்லுங்கள், குடும்பச் செலவுக்கு வந்தது என்று போடாதீர்கள். பணம் வந்ததற்கான சான்றை அன்றே பதிவிறக்கி பில்லோடு சேர்த்து வையுங்கள். வங்கிக் கழிவு யார் கணக்கில் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

16. இப்ப இருக்கற வேலைய விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கலாமா?

முதலில் ஓர் ஆண்டு பகுதிநேரமாகச் செய்து, மாதவாரியாக வரவை எழுதிப் பாருங்கள். இந்தத் தொழிலுக்குப் பருவம் உண்டு. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி செப்டம்பர் முதல் டிசம்பர்வரை புத்தக வேலை குவியும். ஜனவரி முதல் மார்ச்வரை கல்லூரி மலர்கள். ஏற்காட்டு விடுதிகளுக்கு மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு முன், மார்ச்சுக்குள் எல்லாம் தயாராக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை கை காயும். அந்த மாதங்களுக்கு ஜவுளி, சேகோ, மருத்துவமனை என்று மாதாமாதம் ஒரே தொகை தரும் இரண்டு வாடிக்கையாளர் கிடைத்த பிறகு விடுவதே பத்திரம்.

மலைமேல் இருந்து வேலை செய்ய நினைப்பவர்கள் மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்கு ஒரு நாள் முன்பே கோப்பை அனுப்பிவிடுங்கள். கையில் ஆறு மாதக் குடும்பச் செலவு, மாதாமாதம் தரும் இரண்டு வாடிக்கையாளர், 11ஆம் கேள்வியில் சொன்ன உத்யம் பதிவு, எல்லாருக்கும் அனுப்பும் ஒரே ஒப்பந்தச் செய்தி. இந்த நான்கும் இருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.